நெறி கட்டுவது ஏன்? நிணநீர் நாளங்களும் நம் உடல்நலமும்



காலில் முள் தைத்துப் புண்ணாகிவிட்டால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் தோன்றும். தொட்டால் வலிக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நெகிரி செம்பிலானில் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் லயத்தில் நெறி கட்டாத பிள்ளையே இல்லை எனலாம். "காலைக் காட்டுடா, எங்கேயோ புண்ணு இருக்கு, அதான் நெறி கட்டியிருக்கு" என்று பாட்டி சொல்வார். வீக்கம் இருப்பது இடுப்பருகே. பாட்டி தேடிப் பார்ப்பதோ கால் விரலிடுக்கில்! தேடிய இடத்தில் புண்ணும் இருக்கும்.

பள்ளிக்கூடமே பார்த்திராத பாட்டிக்குக் காலுக்கும் தொடை இடுக்குக்கும் ஏதோ ஒரு வழி இருக்கின்றது என்பது தெரிந்திருந்தது. அந்த வழிதான் நிணநீர் நாளம். இதயத்தைப் பற்றியும் இரத்தக் குழாய்களைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகின்றோம். ஆனால் உடல் முழுவதும் பரவியிருக்கும் இந்த இரண்டாவது குழாய் அமைப்பைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அது பழுதுபட்டால் வரும் துன்பமோ ஆயுள் முழுதும் தொடர்வது. அறியாமையால் பலர் அந்தத் துன்பத்தை வெளியில் சொல்லாமல் மறைத்தே வாழ்ந்து முடித்திருக்கின்றனர். ஆகவேதான் இந்த மலரில் இதனைப் பற்றி எழுத விழைந்தேன்.

குழாயை விட்டு வெளியேறும் நீர்

இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகின்றது. அந்த இரத்தம் பெரிய குழாய்களிலிருந்து சிறிய குழாய்களுக்கும், அவற்றிலிருந்து மயிரைவிட மெல்லிய தந்துகிகளுக்கும் சென்று சேர்கின்றது. தந்துகிகளின் சுவர் மிக மெல்லியது. இரத்தத்தின் அழுத்தத்தால் நீரும், உப்பும், சத்துப் பொருள்களும், சிறிதளவு புரதமும் அந்தச் சுவரின் வழியே கசிந்து தசைகளுக்கும் தோலுக்கும் இடையில் உள்ள சந்துகளில் நிறைகின்றன. இந்தக் கசிவு இல்லாவிட்டால் உடலின் அணுக்களுக்கு உணவு கிடைக்காது.

ஆனால் கசிந்த நீர் அங்கேயே தேங்கிவிட்டால் உடம்பு நாளுக்கு நாள் ஊதிப் பெருக்கும். கசிந்த புரதத்திற்கோ மீண்டும் இரத்தத்திற்குச் செல்ல வேறு வழியில்லை. இவற்றையெல்லாம் திரட்டி மீண்டும் இரத்தத்தில் கொண்டு சேர்ப்பதுதான் நிணநீர் நாளங்களின் முதற்பணி. இவ்வாறு நாள்தோறும் 2 முதல் 4 லிட்டர் வரை நிணநீர் இரத்தத்திற்குத் திரும்புகின்றது.

தோட்டத்து அன்பர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டில் பெய்த மழை முதலில் சிறு ஓடையாகிறது. ஓடைகள் வடிகாலில் விழுகின்றன. வடிகால்கள் ஆற்றில் கலக்கின்றன. நம் வட்டாரத்து நீரெல்லாம் கடைசியில் லிங்கி ஆற்றைத் தேடிச் செல்வது போல, உடலின் நிணநீரும் தனக்குரிய ஆற்றைத் தேடிச் செல்கின்றது.

நாளங்களின் அமைப்பு

நிணநீர் நாளத்தின் தொடக்கம் ஒரு பக்கம் மூடிய மிக மெல்லிய குழாய். அதன் சுவர் ஒரே அடுக்கு அணுக்களால் ஆனது. அத்தாப்புக் கூரையில் ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது போல அந்த அணுக்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. சுற்றிலும் உள்ள சதையோடு நுண்ணிய இழைகள் இந்தச் சுவரைக் கட்டி வைத்திருக்கின்றன. சதையில் நீர் கூடி வீங்கும்போது அந்த இழைகள் சுவரை வெளிப்புறமாக இழுக்கும். ஓலைகளுக்கு இடையில் சந்து திறக்கும். நீர் உள்ளே புகும். உள்ளே நிறைந்ததும் ஓரங்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். புகுந்த நீர் வந்த வழியே திரும்ப இயலாது.

இந்தச் சிறு குழாய்கள் கூடிச் சற்றுப் பெரிய நாளங்களாகின்றன. அவற்றின் உள்ளே சிறு சிறு இடைவெளியில் வால்வுகள் உள்ளன. அவை ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவுகள். இரு கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீர் வயிற்றின் பின்புறம் ஒன்றுகூடி, சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மார்பு நாளத்தின் வழியே மேலேறி, கழுத்தின் இடப்புற அடியில் பெரிய இரத்தநாளத்தில் கலக்கின்றது. இடக்கையின் நிணநீரும் தலையின் இடப்பாதியின் நிணநீரும் அங்கேயே சேருகின்றன. வலக்கை, வலப்புற மார்பு, தலையின் வலப்பாதி ஆகியவற்றின் நிணநீர் மட்டும் வலப்புறக் கழுத்தடியில் சேருகின்றது.

மரத்தில் பால் வடிவதை நினைத்துப் பாருங்கள். வெட்டிய கோட்டின் வழியே பால் சொட்டுச் சொட்டாக வடிந்து மங்கில் விழும். மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் சென்று சேரும். அங்கும் ஓசையில்லை, அவசரமில்லை. ஆனால் ஒரு நாள் பாலைத் திரட்டாமல் விட்டுவிட்டால் என்னவாகும் என்பது பால் வெட்டியவர்களுக்குத் தெரியும்.

உடலில் உண்மையாகவே பால் ஓடும் நிணநீர் நாளங்களும் உண்டு. தேங்காய்ப்பால் குழம்பும் நெய்யும் உண்ட பின், அவற்றிலுள்ள கொழுப்பைக் குடலிலிருந்து எடுத்துச் செல்பவை நிணநீர் நாளங்களே. அப்போது அவற்றில் ஓடுவது வெண்மையாகப் பால் போலவே இருக்கும். இந்த வெண்மைதான் அவற்றைக் காட்டிக் கொடுத்தது. 1622-ஆம் ஆண்டில் காஸ்பரோ அசெல்லி என்னும் இத்தாலிய மருத்துவர், உணவு உண்டிருந்த நாய் ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது குடலைச் சுற்றி வெண்மையான இழைகளைக் கண்டார். முதலில் நரம்புகள் என்றே எண்ணினார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற நீர் வடிந்தது. 1651-இல் பிரெஞ்சுக்காரரான ழான் பெக்கே மார்பு நாளத்தைப் பற்றி எழுதினார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே டென்மார்க்கின் பார்த்தோலினும் சுவீடனின் ருட்பெக்கும் உடல் முழுவதும் இந்த நாளங்கள் பரவியிருப்பதை எடுத்துக் காட்டினர்.

இதயம் இல்லாத ஓட்டம்

இரத்தத்தைச் செலுத்த இதயம் இருக்கின்றது. நிணநீரைச் செலுத்த அப்படி ஓர் இதயம் இல்லை. பாதத்திலிருந்து கழுத்து வரை அது எப்படி மேலேறுகின்றது?

முதலாவதாக, இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் நிமிடத்திற்குச் சில முறை தானே சுருங்கி நீரை அடுத்த பகுதிக்குத் தள்ளுகின்றது. இரண்டாவதாக, நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து நாளங்களைப் பிழிந்து கொடுக்கின்றது. மூன்றாவதாக, மூச்சை ஆழ இழுக்கும்போது மார்பினுள் அழுத்தம் குறைந்து நிணநீர் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றது. ஆகவே நடையும் மூச்சும்தான் நிணநீருக்குப் பாதி இதயம். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியோருக்கு மாலையில் கால் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெறி என்னும் காவல்

வழியெங்கும் நிணநீர்க் கணுக்கள் உள்ளன. நம் உடலில் சுமார் 600 கணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறு ஆகிய இடங்களில் அவை கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. நிணநீர் இரத்தத்தில் கலக்கும் முன்பு இந்தக் கணுக்களின் ஊடே வடிகட்டப்படுகின்றது. புண்ணின் வழியே புகுந்த கிருமியைக் கணுவில் உள்ள வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு, தம்மைப் பலவாகப் பெருக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கின்றன. அந்தப் பெருக்கத்தால் வரும் வீக்கத்தைத்தான் நாம் நெறி கட்டியிருக்கின்றது என்கின்றோம். நெறியே நோயன்று, அது காவலன் எழுப்பும் குரல். பாட்டி நெறிக்குப் பற்றுப் போடுவதற்கு முன் புண்ணைத் தேடினாரே, அதுதான் சரியான வைத்தியம்.

புண் ஆறியதும் நெறி அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலும் அடங்காமல், வலியின்றிக் கெட்டியாக வளரும் கட்டி இருந்தால் அதை அலட்சியம் செய்யலாகாது. காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யானைக்கால்: வடிகால் கெட்ட கதை

நம் முன்னோர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் நோய் நெடுங்காலமாக இருந்தது. எனவே அந்தப் பெயரும் அச்சமும் அவர்களோடு கடல் கடந்து வந்தன. இந்த நாட்டிலும் அந்நோய் முன்பே இருந்தது. மலாய்க்காரர்கள் அதனை உன்துட் என்பார்கள்.

இரண்டு நாட்டு நோய்க்கும் காரணம் நூல் போன்ற புழுக்களே. தமிழ்நாட்டில் காணப்படுவது வுச்சரேரியா பாங்குரொப்தி என்னும் புழு. மலேசியாவில் பெரிதும் காணப்படுவது புருகியா மலாயி என்பது. அதன் பெயரிலேயே மலாயா இருக்கின்றது. 1927-இல் புருக் என்னும் டச்சு மருத்துவர் இதனை வேறுபடுத்திக் காட்டினார். சதுப்பு நிலங்களில் நீர்ச்செடிகளின் வேரைப் பற்றிக்கொண்டு வளரும் மான்சோனியா கொசு இதைப் பரப்புகின்றது. சில பகுதிகளில் காட்டுக் குரங்குகளிடமும் பூனைகளிடமும் கூட இப்புழு உண்டு. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிஞர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர்.

இந்தப் புழுக்கள் தங்குமிடம் நிணநீர் நாளங்களே. ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள் வரை அங்கே வாழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குஞ்சுகளை ஈனுகின்றன. அக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மேற்புற இரத்தத்தில் உலவும். இந்த நோய்க்கு இரவில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பதன் காரணம் இதுதான்.

புழு நாளத்தை அடைத்துவிடுவதால் கால் வீங்குகின்றது என்று பலர் நினைக்கின்றனர். அதைவிட, நாளம் விரிந்துபோவதே பெரிய கேடு. நாளம் விரிந்தால் வால்வுகளின் கதவுகள் ஒன்றையொன்று தொட மாட்டா. மேலே ஏறிய நீர் மீண்டும் கீழே விழும். தேங்கிய நீர் கிருமிகளுக்கு விளைநிலமாகின்றது. விரலிடுக்கில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் போதும். கிருமி புகுந்து குளிர்காய்ச்சல் வரும், கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் இன்னும் சில நாளங்கள் கெடும். கால் இன்னும் சற்றுத் தடிக்கும். ஆக, காலை யானைக்காலாக மாற்றுவதில் புழுவுக்கு ஒரு பங்கு என்றால், பிறகு வரும் கிருமிகளுக்கு மற்றொரு பெரிய பங்கு இருக்கின்றது. கெட்டுப்போன நாளத்தைப் பழையபடி ஆக்குவது அரிது. ஆனால் கிருமியைத் தடுப்பது நம் கையில் இருக்கின்றது.

ஓர் அறக்கட்டளையும் ஒரு மருந்தும்

இவ்விடத்தில் அறப்பணிக்குக் கொடுக்கும் அன்பர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. யானைக்கால் புழுவுக்கு இன்றளவும் பயன்படும் மருந்து டைஎத்தில்கார்பமசின் என்பது. 1947-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து அது வெளிவந்தது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். வறுமையில் வளர்ந்தவர், தம் சகோதரர்களை நோய்க்குப் பறிகொடுத்தவர்.

1920-களின் தொடக்கத்தில் மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல அவருக்கு வழி பிறந்தது எப்படி? ஒருபுறம் அவருடைய மாமனார் திரட்டிய பணம். மறுபுறம் காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவுவதாகத் தந்த வாக்குறுதி. கொடுத்தவர்கள் யாரும் யானைக்கால் மருந்தை நினைத்துக் கொடுக்கவில்லை. ஓர் ஏழை மாணவன் படிக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். அந்த மாணவர் தலைமையில் உருவான மாத்திரை பின்னாளில் உலகெங்கும் கோடிக்கணக்கான மக்களைச் சென்றடைந்தது. 1948-இல் அவர் மறைந்தார்.

2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவிலும் நோய் பரவியிருந்த பகுதிகளில் 2004 முதல் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை மாத்திரை கொடுத்தார்கள். "எனக்கு ஒரு நோயும் இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. புழு உடலில் இருந்தும் வெளியே எந்த அறிகுறியும் இல்லாதவர்களே மிகுதி. அவர்கள் இரத்தத்தில் குஞ்சுகள் இல்லாமற் செய்துவிட்டால் கொசுவுக்கு எடுத்துச் செல்ல ஒன்றும் இராது. தாய்ப்புழு வயதாகி மடியும் வரை ஆண்டுதோறும் இவ்வாறு செய்தால் நோயின் சங்கிலி அறுபடும். இந்த முயற்சியில் இலங்கை 2016-இலும் தாய்லாந்து 2017-இலும் வெற்றி பெற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

வேறு காரணங்களும் உண்டு

கால் வீங்கினாலே யானைக்கால் என்று முடிவு செய்துவிடக் கூடாது. இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் கோளாறாலும், இரத்த நாளங்களின் கோளாறாலும் கால் வீங்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்று நம் பெண்மணிகள் பலருக்கு வருவது கை வீக்கம். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் அக்குளில் உள்ள கணுக்களை எடுத்துவிட்டாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ, கையின் நிணநீருக்கு வழி குறைந்துவிடுகின்றது. சிலருக்குச் சில மாதங்களிலும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கை கனக்கத் தொடங்கும். மோதிரம் இறுகுவதும் வளையல் ஏறாமல் போவதும் முதல் அறிகுறி. அப்போதே மருத்துவரிடம் காட்டினால் தகுந்த உடற்பயிற்சியாலும் அழுத்தக் கட்டாலும் வீக்கத்தைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். இடக்கால் முழங்காலுக்குக் கீழே தூண்போல வீங்கியிருக்கும். கைலியைத் தரையில் புரள விட்டே நடப்பார். கோயில் திருவிழாவில் எல்லோரும் முன்னே நிற்க, அவர் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். முற்பிறவிப் பாவம் என்று மற்றவர்கள் சொன்னதை அவரும் நம்பிவிட்டிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு தம் கையாலேயே அவர் காலைக் கழுவிக் காட்டினார். "ஆத்தா, தினமும் இப்படிச் செய்யுங்க" என்றார். வேறு மருந்து ஒன்றும் பெரிதாகக் கொடுத்ததாக நினைவில்லை. கால் இளைத்துவிடவில்லை. ஆனால் அடிக்கடி வந்து அவரைப் படுக்கையில் தள்ளிய குளிர்காய்ச்சல் குறைந்தது. பிறகு வந்த ஒரு திருவிழாவில் அவர் சந்நிதிக்கு முன்னே வந்து நின்றதை நான் பார்த்திருக்கின்றேன்.

அந்த டிரெசர் காட்டிய வழிதான் இன்றும் மருத்துவர்கள் சொல்லும் வழி:

காலையும் மாலையும் சவர்க்காரமிட்டுச் சாதாரணத் தண்ணீரால் காலைக் கழுவ வேண்டும். விரலிடுக்குகளையும் மடிப்புகளையும் விட்டுவிடலாகாது. மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

விரலிடுக்கில் வெடிப்போ சேற்றுப்புண்ணோ இருந்தால் உடனே மருந்திட வேண்டும். பச்சிலைப் பற்று, சுடு எண்ணெய், கீறிவிடுதல் ஆகியவை வேண்டா.

உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். கணுக்காலை மேலும் கீழும் பலமுறை அசைக்க வேண்டும். நாள்தோறும் இயன்ற அளவு நடக்க வேண்டும்.

காய்ச்சலோடு கால் சிவந்து கொதித்தால் பயிற்சியை நிறுத்தி, காலுக்கு ஓய்வு கொடுத்து, குளிர்ந்த ஈரத்துணி போட்டு, தாமதமின்றிக் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.

நேர்த்திக்கடன் செலுத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கால் வீக்கம் உள்ளவர்களும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் வெறுங்காலோடு சுடுதரையில் நடப்பதையும் தீமிதிப்பதையும் தவிர்த்து, பால்குடம் கொடுப்பது, அன்னதானத்திற்கு உதவுவது போன்ற வேறு வழியில் கடனைச் செலுத்தலாம். வெறுங்காலோடு நடந்தே ஆக வேண்டுமென்றால், வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவிப் புண் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும்.

நம் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து மக்கள் சிரம்பானிலும் நீலாயிலும் பஹாவிலும் பரவி வாழ்கின்றனர். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாத இக்காலத்தில், வீங்கிய காலோடும் கையோடும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோர் நம் கண்ணில் படுவதில்லை. அவர்களுக்கு வேண்டியவை ஒரு வாளி, சவர்க்காரம், அளவான செருப்பு, கிளினிக்குக்குப் போய்வர ஒரு வண்டி, குனிந்து கழுவ முடியாதவர்க்கு உதவும் ஒரு கை. இவை பெருஞ்செலவில்லாத அறங்கள். ஓர் ஏழை மாணவனுக்குக் கொடுத்த வாக்குறுதி எங்கே போய் நின்றது என்பதைக் கண்டோம். நாம் கொடுப்பது எவர் காலை நிமிர்த்தும், எவரைச் சந்நிதிக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தும் என்பதை இறைவன் ஒருவனே அறிவான்.

அனைவரும் நோயற்ற வாழ்வு பெற்று நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோம்.